கம்பெனிப் பணத்தில் வரலாறு எழுதியவருக்கு நினைவுக்கூட்டம் வேண்டுமா?

வடக்குவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒன்பது வருடமாக ஜெர்மனியில், பிரவுன்ஷ்வைக் பக்கம் இருக்கிறேன். இங்கே பதினைந்து பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுவோம். நவம்பர் கூட்டத்தை ஹான்ஸ் மொம்சன் என்ற வரலாற்றாசிரியருக்கு நினைவுக்கூட்டமாக வைக்கலாம் என்று நான் சொல்லப்போய், ஒரு வாரமாகக் குழுவில் சண்டை. "கம்பெனியிடம் காசு வாங்கிக் கம்பெனி வரலாற்றை எழுதியவருக்கு நாம் ஏன் விளக்கு ஏற்ற வேண்டும்" என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொம்சன் 1930 நவம்பர் 5 அன்று பிறந்தவர், 2015இல் அதே நவம்பர் 5 அன்று, 85வது பிறந்தநாளில் இறந்தார். ரூர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், நாஜி ஆட்சிக் காலத்தை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். 1986இல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது: ஹிட்லர் காலத்தில் எங்கள் ஆலைக்குள் என்ன நடந்தது என்று தோண்டி எழுதுங்கள் என்று. மன்ஃப்ரெட் க்ரீகர் என்ற இளம் ஆய்வாளரோடு சேர்ந்து பத்து வருடம் உழைத்து, 1996இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு நூலை வெளியிட்டார்கள். போர்க்காலத்தில் அந்த ஆலையில் சுமார் 20,000 பேர் கட்டாயமாக வேலை வாங்கப்பட்டார்கள், அதில் ஏறக்குறைய 5,000 பேர் வதைமுகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இது இன்றைக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற உண்மையாக இருப்பதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

வொல்ஃப்ஸ்புர்க் ஊரில் உள்ள அந்த ஃபோக்ஸ்வேகன் ஆலை வளாகத்துக்குள்ளேயே, விமானத் தாக்குதலுக்குப் பதுங்கக் கட்டிய கான்கிரீட் அறைகளில், 1999இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். போன வருடம் பதிவு செய்துகொண்டு போனேன். ஜூன் மாதம், வெளியே நல்ல வெயில். உள்ளே சுவரில் கை வைத்தால் சில்லென்று இருந்தது. ஆவணங்களும் படங்களும் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றாக நின்று படித்துக்கொண்டே போகலாம். வெளியே ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் தினமும் வேலைக்கு ஓட்டிப்போவது அந்தக் கம்பெனியின் கார்தான். அன்றைக்குத் திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே ஒரு மாதிரி இருந்தது. எனக்குத் தெரிய வேண்டிய ஒன்றைத் தெரியவைத்தவருக்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குவதில் என்ன தவறு? சொல்லுங்கள்.

தறியோசை:

தவறு இருக்கிறது தோழர். உங்கள் மனசு புரிகிறது, ஆனால் எங்கே கும்பிடு போடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

நான் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, அப்பாவும் சங்கம், நானும் சங்கம். ஒரு முதலாளி 'எங்கள் வரலாற்றை எழுதித் தாருங்கள்' என்று பணம் கொடுத்தால் அந்த வரலாறு யாருக்கு என்று எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். போர் முடிந்தது 1945. கம்பெனி வரலாற்றாசிரியரைக் கூப்பிட்டது 1986. இடையில் 41 வருடம். அந்த 41 வருடத்தில் ஆலையை நடத்திய பெரிய தலைகள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷ 1951இல் இறந்தார், ஆலைக்குத் தலைமை தாங்கிய அவருடைய மருமகன் பீயெஹ் 1952இல் இறந்தார். யாரையும் இனிக் கூண்டில் ஏற்ற முடியாது என்று ஆன பிறகு உண்மையைச் சொல்வதற்கு என்ன தைரியம் வேண்டும்?

நீங்கள் சொல்கிற 20,000 பேரில் எத்தனை பேருடைய பெயர் உங்கள் வாசகர் வட்டத்துக்குத் தெரியும்? மொம்சன் பெயர் தெரியும். அவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரியும். பிறந்தநாளிலேயே இறந்தார் என்பதுவரை தெரியும். அந்த ஆலையில் மாண்டவர்களில் ஒருவருடைய பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். இதுதான் என் சண்டை.

மணல்மேடு:

நான் ஹனோவரில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இங்கே வந்து முப்பத்திரண்டு வருடம். வடக்குவாசல் தம்பி எழுதியதில் அந்த அறையைப் பற்றிப் படித்ததும் என் கை நின்றுவிட்டது. எங்களுக்கு அது பங்கர். வீட்டு முற்றத்தில் அப்பா வெட்டினது, மேலே பனங்குற்றி போட்டு மண் மூட்டை அடுக்கினது. நானும் அந்த நினைவிடத்துக்குப் போயிருக்கிறேன், ஆனால் அதனால்தான் முதல் முறை பாதியில் வெளியே வந்துவிட்டேன். இரண்டாம் முறைதான் முழுக்கப் பார்த்தேன்.

தறியோசை அண்ணை கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். எனக்குப் பெயர்கள் தெரியாது, உண்மைதான். ஆனால் ரூஹன் தெரியும். வொல்ஃப்ஸ்புர்க்கிலிருந்து கொஞ்சத் தூரத்தில் உள்ள கிராமம். ஆலையில் வேலை வாங்கப்பட்ட போலந்து, சோவியத் பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து ஒரு 'பராமரிப்பு நிலையத்தில்' போட்டார்கள். 1944இல் அது ரூஹனுக்குப் போனது. 350க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் அங்கே இறந்தார்கள். பராமரிப்பு என்று எழுதி வைத்த வீட்டில், அழுக்கிலும் நோயிலும், பால் இல்லாமல். பொறுப்பாக இருந்தவர் ஆலை மருத்துவர் ஹான்ஸ் கெர்பெல். பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் 1946இல் அவருக்கு மரண தண்டனை கொடுத்து, 1947இல் நிறைவேற்றியது.

நான் மூன்று பிள்ளை பெற்றவள். முலை கட்டிக்கொண்டு வலிக்கிற நேரத்தில், பிள்ளை வேறு எங்கோ கிடக்க, இவள் போய் மெஷினில் நிற்க வேண்டும். அதை நினைத்துப் பாருங்கள். இப்படி ஒரு விஷயத்தை ஒருவர் கம்பெனிக் காசில் எழுதினாரா சொந்தக் காசில் எழுதினாரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம். எழுதினாரா இல்லையா, அதுதான் முதல் கேள்வி.

கோடைமழை:

நான் கணக்குத் தணிக்கையில் இருபது வருடமாக இருக்கிறேன். தணிக்கை செய்யப்படுகிற கம்பெனிதான் தணிக்கையாளருக்குச் சம்பளம் கொடுக்கிறது, உலகம் முழுக்க அப்படித்தான். பணம் யாருடையது என்பதோடு கேள்வி முடிந்துவிடாது. எல்லா அலமாரியையும் திறந்து காட்டினார்களா, எழுதியதை அச்சுக்கு முன்னால் யார் கை வைத்தார்கள், கசப்பான முடிவு வந்தபோது வெளியிட்டார்களா, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

ஒரு நல்ல உதாரணம் பெர்டெல்ஸ்மான். பெரிய பதிப்பகம். நாஜிகள் எங்களை எதிர்த்தார்கள், எங்கள் பதிப்பகத்தை மூடினார்கள் என்று ஐம்பது வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998இல் கேள்வி எழுந்தது. கம்பெனியே ஒரு ஆய்வுக்குழு வைத்தது, தலைமை சவுல் ஃப்ரீட்லேண்டர், பெற்றோரை இன அழிப்பில் இழந்த யூத வரலாற்றாசிரியர். 2002இல் குழு என்ன சொன்னது தெரியுமா? எதிர்ப்பும் இல்லை, ஒன்றும் இல்லை, ஜெர்மன் இராணுவத்துக்குப் புத்தகம் அச்சிட்டுக் கொடுத்ததில் இந்தப் பதிப்பகம்தான் முதல் இடம் என்று. கம்பெனி காசில், கம்பெனியின் பெருமைக் கதையை உடைத்தார்கள். தறியோசை ஐயா, இதை நீங்கள் எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

தறியோசை:

நல்ல கணக்கில்தான் வைப்பேன். ஆனால் நீங்கள் வெளியே இருந்து வந்த குழுவைக் காட்டுகிறீர்கள். கம்பெனிக்கு உள்ளேயே உட்கார்ந்து நினைவுகூருகிற வேலையைச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஃபோக்ஸ்வேகனிலேயே உதாரணம் இருக்கிறது, அதையும் பேசுவோம்.

மொம்சனோடு சேர்ந்து எழுதிய க்ரீகர் பிற்பாடு அந்தக் கம்பெனியின் வரலாற்றுப் பிரிவுக்கே தலைவர் ஆனார். அதே குழுமத்தில்தான் அவுடி. அவுடியின் முன்னோடிக் கம்பெனி அவுட்டோ யூனியன் போர்க்காலத்தில் என்ன செய்தது என்று அவுடி காசு கொடுத்து ஒரு ஆய்வு எழுதவைத்து, 2014இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வு பல இடங்களில் போதாது, பழியை மென்மையாக்குகிறது என்று க்ரீகர் ஒரு மதிப்புரை எழுதினார். வரலாற்றாசிரியர் செய்ய வேண்டிய வேலை. 2016இல் அவர் கம்பெனியை விட்டு வெளியே. இரு தரப்பும் ஒத்துப்போய்ப் பிரிந்தோம், மதிப்புரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றது கம்பெனி. 75 கல்வியாளர்கள் சேர்ந்து பகிரங்கமாகக் கடிதம் எழுதினார்கள், நாங்கள் அதை நம்பத் தயாராக இல்லை என்ற தொனியில். இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டேன், யார் சொல்வது சரி என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் பார்வையில், கம்பெனிக்குள் இருக்கிற வரலாற்றாசிரியருக்குக் கயிறு நீளமாக விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். முளையில் கட்டித்தான் இருக்கும்.

ஆடு சுற்றி மேய்ந்த வட்டத்தைக் காட்டிப் பரந்த மேய்ச்சல் நிலம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வடக்குவாசல்:

தோழர், நீங்கள் சொன்ன 2016 கதை எனக்குத் தெரியும். அதனால்தான் நினைவுக்கூட்டம் வேண்டும் என்கிறேன்! க்ரீகர் பொம்மை மாதிரி உட்கார்ந்து ஆண்டு விழா மலர் எழுதுகிறவராக இருந்திருந்தால் யாருக்கும் அவர் போனது தெரிந்திருக்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் இருந்திருக்கலாம். 75 பேர் கையெழுத்துப் போடுகிற அளவுக்கு அந்த வேலைக்கு மதிப்பு இருந்தது.

மொம்சன் அதற்கு ஒரு வருடம் முன்பே போய்விட்டார். அவர் இருந்திருந்தால் அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையதாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அது என் ஆசை, விடுங்கள்.

இன்னொன்று. போர்ஷ இந்த நாட்டில் சாதாரண ஆள் இல்லை, பெயர் சொன்னால் பிள்ளைகள் கண் விரியும். ஆலைக்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும் என்று முகாம் கைதிகளைக் கேட்டு வாங்கியதில் அவருக்கும் பங்கு இருந்தது என்று அவர் எழுப்பிய ஆலை வளர்ந்த ஊரிலேயே ஆவணத்தோடு எழுதுவது லேசான காரியமா? எங்கள் ஊரில் ஒரு மில் முதலாளி கட்டிய கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துப் பேசிவிட்டு நான் தெருவில் நடந்துவிட முடியுமா?

ரப்பர்மரம்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், கெடா மாநிலம், தோட்டத்தில் பிறந்தவன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. எழுதிவிடுகிறேன்.

அதே வருடங்கள்தான் இங்கேயும். 1942, 43. ஜப்பான்காரன் சயாமிலிருந்து, இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் போனான். போனவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்ச் சனம். அந்தப் பாதை வேலையில் செத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் கல்லறை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போய்ப் பார்த்தேன், புல் வெட்டி அழகாக வைத்திருக்கிறார்கள். என் தாத்தாவின் தம்பி போனவர் திரும்பவில்லை. அவருக்கு எங்கே கல்? எங்கள் பாட்டி சாகும்வரை "சயாமுக்குப் போனான்" என்றுதான் சொல்வார், செத்துவிட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எனக்கு நாற்பது வயதில் ஒரு வெறி வந்தது, அவர் பெயரை எங்கேயாவது எழுத்தில் பார்த்துவிட வேண்டும் என்று. தோட்டத்தில் செக்ரோல் என்று ஒன்று உண்டு, தினமும் காலையில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கிராணி பெயர் கூப்பிட்டுக் குறிக்கிற பதிவேடு. 1942, 43 செக்ரோல் இருந்தால் எந்த நாளிலிருந்து அவர் பெயருக்கு நேரே கட்டம் காலியாகிறது என்று தெரிந்துவிடும், எனக்கு அது போதும். தோட்டம் மூன்று கை மாறிவிட்டது. இப்போது வைத்திருக்கிற கம்பெனியின் ஆபீசுக்கு நான்கு முறை போனேன். முதல் முறை தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். நான்காம் முறை, பழைய கணக்கெல்லாம் கறையான் அரித்து எரித்துவிட்டோம் என்றார்கள். எப்போது எரித்தீர்கள் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு மொம்சன் யார் என்று இந்த இழையைப் படிக்கும்வரை தெரியாது. ஆனால் எங்கள் தோட்டத்துக் கம்பெனி ஒருத்தரைச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்து, அந்தக் கணக்குப் புத்தகங்களைக் காப்பாற்றி வைத்திருந்தால், அவர் இறந்த நாளில் நான் போய் நின்றிருப்பேன் ஐயா. கம்பெனி ஆளா என்று கேட்டிருக்க மாட்டேன்.

மணல்மேடு:

ரப்பர்மரம் அண்ணை, உங்கள் பாட்டி சொன்ன அந்தச் சொல். எங்கள் பக்கத்திலும் இப்படித்தான், "கொண்டுபோனவை" என்று மட்டும் சொல்கிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி:

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டும், இரண்டும் இரண்டு கட்சிக்கும் கொஞ்சம் இடிக்கும்.

முதலாவது, மொம்சன் நூல் வருவதற்குப் பல வருடம் முன்பே, 1980களில், வொல்ஃப்ஸ்புர்க் நகராட்சி ஆவணக்காப்பகத்தில் இருந்த கிளவுஸ்-யோர்க் ஸீக்ஃப்ரீட் என்பவர் அந்த ஆலையின் கட்டாயத் தொழிலாளர்களைப் பற்றி ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டுவிட்டார். கம்பெனி ஆள் இல்லை, நகராட்சிச் சம்பளக்காரர். உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்து அவர்கள் வாயால் சொன்னதையும் சேர்த்தார். அந்த ஊரே ஆலையை நம்பிப் பிழைக்கிற ஊர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆகவே மொம்சனுக்கு விளக்கு ஏற்றினால் ஸீக்ஃப்ரீட் பெயரைச் சொல்லாமல் ஏற்றக்கூடாது. முதல் குழி தோண்டியவர் ஒருவர், கிணறு வெட்டியவர் இன்னொருவர். தறியோசை, உங்கள் பக்கத்துக்கு இது பலம்.

இரண்டாவது. ஹிட்லர் காலத்தில் ஃபோக்ஸ்வேகன் காரை வாங்க மக்களிடம் சேமிப்பு அட்டை விற்றார்கள். வாரம் ஐந்து மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்), ஒவ்வொரு ஐந்து மார்க்குக்கும் ஒரு வில்லை வாங்கி அட்டையில் ஒட்ட வேண்டும், மொத்தம் 990 மார்க் சேர்ந்தால் கார். 3,36,000 பேர் ஒட்டினார்கள். ஒருவருக்கும் கார் வரவில்லை, ஆலை போர்த் தளவாடம் செய்யப் போய்விட்டது. போர் முடிந்ததும் சேமித்தவர்கள் வழக்குப் போட்டார்கள், வருடக்கணக்கில் இழுத்து 1961இல் சமரசம் வந்தது: புதுக் கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, வேண்டாம் என்றால் 100 மார்க் ரொக்கம். இப்போது அடுத்த தேதியைப் பாருங்கள். அதே ஆலையில் அடித்து வேலை வாங்கப்பட்டவர்களுக்கு ஃபோக்ஸ்வேகன் 20 மில்லியன் மார்க்கில் ஒரு நிதி வைத்தது 1998இல். அதுவும் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு என்ற அழுத்தம் வந்த பிறகு. வில்லை ஒட்டியவனுக்கு 1961, உடம்பைக் கொடுத்தவளுக்கு 1998.

ஏன் இந்த 37 வருட வித்தியாசம்? வில்லை ஒட்டியவன் கையில் அட்டை இருந்தது, கோர்ட்டில் நீட்டினான். அடிமையாக நின்றவள் கையில் ஒன்றும் இல்லை. அவளுக்கான காகிதம் ஆலையின் அலமாரியிலும் அரசாங்கத்தின் அலமாரியிலும் கிடந்தது. அந்தக் காகிதத்தை எடுத்து வெளியே வைப்பவர்தான் வரலாற்றாசிரியர். 1996இல் நூல், 1998இல் நிதி, 1999இல் நினைவிடம். நூல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், வழக்குகளும் தொழிலாளர் பிரதிநிதிகளின் அழுத்தமும் இருந்தன. ஆனால் நூல் வந்த பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்கிற வழி அடைபட்டுவிட்டது. வடக்குவாசல், இது உங்கள் பக்கத்துக்குப் பலம்.

2000இல் ஜெர்மன் அரசும் தொழில்துறையும் பாதிக்குப் பாதி போட்டு 10 பில்லியன் மார்க்கில் அறக்கட்டளை தொடங்கி, 2007க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணம் வாங்கவும் ஒவ்வொரு கிழவரும் கிழவியும் ஆதாரம் காட்ட வேண்டியிருந்தது. எந்த ஆலை, எந்த முகாம், எந்த வருடம். ஆவணக்காப்பகத்தில் ஒரு பெட்டி திறந்திருப்பதற்கும் பூட்டியிருப்பதற்கும் அர்த்தம் அப்போது ரொட்டியும் மருந்தும்.

தறியோசை:

ஏட்டுச்சுவடி ஐயா, அந்தச் சேமிப்பு அட்டை விஷயம் எனக்குத் தெரியாது. நேற்று ராத்திரி படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். காகிதம் கையில் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வித்தியாசம், எங்கள் பிஎஃப் வழக்குகளில் பார்த்ததுதான். சம்பளச் சீட்டு வைத்திருந்த கிழவிக்குக் கிடைத்தது, மழையில் கூரை ஒழுகிச் சீட்டு நனைந்து போனவளுக்குக் கிடைக்கவில்லை. ரப்பர்மரம் சொன்ன செக்ரோலும் அதுதான். சரி, இந்த இடத்தில் நான் ஒரு அடி பின்னால் வைக்கிறேன். ஆவணத்தைக் காப்பாற்றியவர் யார் சம்பளத்தில் இருந்தாலும் கும்பிட வேண்டியவர்தான்.

ஆனால் முழுக்கப் பின்வாங்கவில்லை. கம்பெனி நினைவிடம் திறந்த 1999இல் அதற்குப் பிரேசிலில் என்ன செய்தோம் என்று தெரியாதா? 1964இலிருந்து 85 வரை அங்கே இராணுவ ஆட்சி. சாவோ பாவ்லோ பக்கத்து ஆலையில் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவே சங்கத் தொழிலாளர்களைப் பற்றி அரசியல் போலீசுக்குத் தகவல் கொடுத்தது. 1972இல் ஒரு தொழிலாளியை வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே பிடித்து, ஆலைக்குள் வைத்தே அடித்தார்கள். கம்பெனி அமர்த்திய வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் கோப்பர் 2017இல் அதை உறுதி செய்தார், 2020இல் 36 மில்லியன் ரியால் கொடுத்துச் சமரசம். அமேசான் பக்கம் கம்பெனிக்கு இருந்த மாட்டுப் பண்ணையில் 1970களிலும் 80களிலும் ஆட்களை அடிமைபோல வைத்திருந்ததற்காக 2025 ஆகஸ்டில் ஒரு தொழிலாளர் நீதிமன்றம் 165 மில்லியன் ரியால் கட்டச் சொன்னது. மேல்முறையீடு செய்வோம் என்றது கம்பெனி.

என் பயம் இதுதான். நாஜிக் காலத்து அநியாயத்தை நினைவுகூருவதில் ஒரு கம்பெனி நல்ல பெயர் வாங்கும்போது, மற்ற அநியாயத்தைப் பற்றிக் கேட்கிறவனுக்கு "அவர்கள்தான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்களே" என்று பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலுக்கு வரலாற்றாசிரியரின் படம் போட்ட பேனர் உதவும். உங்கள் கூட்டம் அந்தப் பேனராக ஆகிவிடக்கூடாது.

கோடைமழை:

பயம் நியாயமானதுதான். ஆனால் கோப்பரும் கம்பெனி காசில்தானே எழுதினார்? 2020 சமரசத்தைப் பற்றிச் சொல்லும்போது நீங்களே அவர் ஆய்வைத்தான் கையில் எடுத்தீர்கள். மொம்சனும் க்ரீகரும் 1996இல் ஒரு கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், பிற்பாடு அதே கம்பெனி இன்னொரு வரலாற்றாசிரியரைப் பிரேசிலுக்கு அனுப்பியிருக்குமா? ஒருமுறை திறந்ததால்தான் அடுத்த முறை மூட முடியவில்லை.

எல்லாக் கம்பெனியும் இப்படித் திறக்கவும் இல்லை. பால்சன் என்று பிஸ்கெட் கம்பெனி, 2019இல் அந்தக் குடும்பத்து வாரிசு ஒருவர், போர்க்காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களை நாங்கள் நன்றாகத்தான் நடத்தினோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஊரே கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கு ஆள் வைத்தார்கள். 2019 வரை அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் படித்துக்காட்டப்படவில்லை என்றுதானே அர்த்தம். வொல்ஃப்ஸ்புர்க்கில் பயிற்சிக்குச் சேர்கிற பையன்களும் பெண்களும் பல வருடங்களாக அவுஷ்விட்ஸ் முகாமுக்குப் போய், போலந்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, அங்கே இருக்கிற பொருள்களையும் இடங்களையும் பராமரிக்கிற வேலையில் கைகொடுக்கிறார்கள். பதினெட்டு வயதில் அதைச் செய்தவர் நாளைக்கு அப்படிப் பேச மாட்டார்.

மணல்மேடு:

நான் ஒன்று சொல்லட்டுமா, வடக்குவாசல் தம்பி. கூட்டத்தை வையுங்கள். ஆனால் மொம்சன் படத்துக்கு மாலை போட்டு, அவர் யார் மகன், எத்தனை நூல் என்று வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கிற கூட்டமாக வைக்க வேண்டாம். அவர் வேலையைச் செய்து காட்டுங்கள். ரூஹனில் நடந்ததை ஒருவர் தமிழில் முழுக்கச் சொல்ல வேண்டும். கெர்பெல் தூக்குக்குப் போனார். போர்ஷயும் பீயெஹ்யும் பிரான்சில் சில காலம் உள்ளே இருந்தது பெஜோ ஆலை விவகாரத்துக்காக, அந்தக் குழந்தைகளுக்காக அல்ல. இதையும் சொல்ல வேண்டும். ஸீக்ஃப்ரீட் பெயர் வர வேண்டும். பிரேசில் வர வேண்டும்.

ரப்பர்மரம் அண்ணை சம்மதித்தால் அவருடைய சித்தப்பாத் தாத்தாவின் பெயரையும் அங்கே ஒருவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எழுத்தில் எங்கேயும் கிடைக்காத பெயர், ஒரு அறையிலாவது உரக்க ஒலிக்கட்டும்.

வடக்குவாசல்:

அக்கா, அப்படியே செய்கிறோம். நான் முதலில் போட்டிருந்த நிகழ்ச்சி நிரலில் உண்மையிலேயே வாழ்க்கைக் குறிப்புதான் நாற்பது நிமிடம் இருந்தது. அதைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டேன். ரூஹன் பகுதியை மொழிபெயர்க்க எனக்கு இரண்டு வாரம் வேண்டும், அந்த ஜெர்மன் கனமாக இருக்கிறது, அதைவிட விஷயம் கனமாக இருக்கிறது, ஒரு பக்கம் முடித்துவிட்டு எழுந்து வெளியே நடக்க வேண்டியிருக்கிறது. அக்கா, ஹனோவரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, நீங்கள் வந்து வாசித்தால் நன்றாக இருக்கும்.

தோழர் தறியோசை, பிரேசில் பகுதியை நீங்களே எழுதி அனுப்புங்கள், ஒரு எழுத்தும் மாற்றாமல் வாசிக்கிறோம். பேனர் கிடையாது, படமும் கிடையாது.

தறியோசை:

அனுப்புகிறேன். மூன்று பக்கம் வரும், குறைக்கச் சொல்லக்கூடாது. அந்த 1972 ஆளைப் பற்றி இன்னும் தேட வேண்டும், வியாழக்கிழமைக்குள் தருகிறேன்.

'நினைவுக்கூட்டம்' என்ற சொல்லுக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை, அதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர்மரம்:

சம்மதம். அவர் பெயர் முனியாண்டி. தகப்பன் பெயர் தெரிந்தவர் இப்போது யாரும் இல்லை. போகும்போது இருபது இருபத்தொரு வயது இருக்கும் என்று பாட்டி சொல்வார். அவ்வளவுதான் எங்களிடம் இருக்கிறது.